ஓநாய் நாடகத்தில் நொண்டிப் பெண்

எங்கள் நாடகத்தில் கடைசிவரை யாருடைய காலும் சரியாகவில்லை. அதற்காக ஒரு டீச்சரோடு நான் போட்ட சண்டையைத்தான் சொல்லப் போகிறேன். எனக்கு அப்போது பதினோரு வயது. நான் போட்ட முதல் சண்டை அது. ஜெயித்தும் விட்டேன்.

முழங்காலில் கையூன்றி நடந்து வளர்ந்த என் வயதுக்காரர்களே, உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. நமக்கெல்லாம் ஏறக்குறைய ஒரே காலத்தில்தான் அந்தக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, போகும்போது சிலருக்கு ஒரு காலையும் சிலருக்கு இரண்டு காலையும் சேர்த்துக்கொண்டு போனது. எனக்கு இடது கால். அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் இடது கையால் முழங்காலுக்கு மேலே அழுத்திக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கால் மடங்கிவிடும். அதனால் என் பாவாடை அந்த ஓர் இடத்தில் மட்டும் சீக்கிரம் நைந்துவிடும். அம்மா உள்பக்கமாக ஒரு துண்டுத் துணி வைத்துத் தைத்துக் கொடுப்பாள். உங்கள் அம்மாக்களும் தைத்திருப்பார்கள்.

திருத்துறைப்பூண்டி பஸ்ஸில் வந்து இறங்கி, வாய்க்கால் கரையோடு தெற்கே நடந்தால் எங்கள் ஊர். என் அப்பாவும் அம்மாவும் மிராசுதார் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். எங்கள் தெருவில் பெண் பிள்ளைகள் எட்டு வயதிலேயே நாற்று முடிச்சு சுமக்கப் போய்விடுவார்கள். சேற்றில் கால் வைத்தால் எனக்கு எழுந்திருக்க முடியாது. "நடவுக்கு ஆகாத புள்ள, பள்ளிக்கூடமாச்சும் போவட்டும்" என்று அப்பா சொன்னார். பரிதாபப்பட்டுத்தான் சொன்னார். எங்கள் தெருவில் ஆறாம் வகுப்பு வரை வந்த முதல் பெண் நான். அந்தப் பரிதாபத்துக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன், கொஞ்சம் சிரித்துக்கொண்டே.

அந்த வருஷம் மதியச் சாப்பாட்டுக்கு வரும் பால்பவுடர் டின்களோடு ஒரு மரப்பெட்டியும் பள்ளிக்கூடத்துக்கு வந்து இறங்கியது. திறந்து பார்த்தால் பழைய இங்கிலீஷ் புத்தகங்கள். எந்த நாட்டுப் பிள்ளைகள் படித்துவிட்டுக் கொடுத்ததோ தெரியாது. அதில் ஒன்று, பெரிய முறம் அளவுக்கு இருந்த படப் புத்தகம். அட்டை இல்லை. தாள் எல்லாம் கெட்டியாக, பால்பவுடர் வாசனை அடித்துக்கொண்டிருக்கும். மாயவரத்திலிருந்து புதிதாக வேலைக்கு வந்திருந்த எங்கள் டீச்சருக்கு நன்றாக இங்கிலீஷ் தெரியும். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் அதைப் பிரித்து, ஒரு பக்கம் மனசுக்குள் படித்துவிட்டு, தமிழில் கதையாகச் சொல்வார்.

அது வடக்கே, கடலெல்லாம் உறைந்துபோகும் நாடுகளின் பழைய புராணம். கடல் எப்படி உறையும் என்று எங்களுக்குப் புரியவில்லை. "குச்சி ஐஸ் மாதிரியா டீச்சர்?" என்று ஒருவன் கேட்டான். "ஆமா, ஊரே குச்சி ஐஸ்" என்றார் டீச்சர். அதற்குப் பிறகு அந்த நாட்டின் மேல் வகுப்பு முழுவதற்கும் ஆசை வந்துவிட்டது.

முதல் படத்தைப் பார்த்ததுமே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நீண்ட தாடி, வளைந்த தொப்பி, இரண்டு தோளிலும் இரண்டு அண்டங்காக்கை. ஒரு கண்தான் இருந்தது.

"சனி பகவான் டீச்சர்!" என்று வகுப்பே கத்தியது.

"இல்லம்மா. அவங்க சாமிங்களுக்கெல்லாம் இவர்தான் தலைவர். அறிவு வேணும்னு ஒரு கண்ணையே குடுத்தவர்."

சனி பகவான் கால் விந்தியவர் என்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். என்னைத் தெருவில் 'நொண்டிச் சனி' என்று கூப்பிட்டதற்கு அதுதான் ஆதாரம். அவரைக் கும்பிடப் போனால் எள் விளக்கை ஏற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். இங்கே பார்த்தால் ஒரு கண் இல்லாதவர் எல்லோருக்கும் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். யாரும் திரும்பிப் பார்க்காமல் ஓடவில்லை. நான் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் கையில்லாதவர் வந்தார். ஓர் ஓநாய்க்குட்டி சாமிகளின் ஊரிலேயே வளர்கிறது. வளர்ந்து, வளர்ந்து, வாயைத் திறந்தால் வானத்தைத் தொடுகிறது. பயந்துபோன சாமிகள் அதைக் கட்டிப் போட நினைக்கிறார்கள். சங்கிலியெல்லாம் அறுந்துவிடுகிறது. கடைசியில் பட்டு நூல் மாதிரி ஒரு மாயக் கயிறு கொண்டுவந்து, "சும்மா விளையாட்டுக்குக் கட்டுறோம், அவுத்து விட்டுடுவோம்" என்கிறார்கள். "அப்படின்னா உங்கள்ல ஒருத்தர் என் வாயில கைய வைங்க" என்கிறது ஓநாய். எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். ஒருவர் மட்டும் வைக்கிறார். கயிறு அறுபடவில்லை, ஓநாயை அவிழ்த்துவிடவும் இல்லை. கை போயிற்று.

கண் தெரியாத ஒரு சாமியும் இருந்தார். யாரோ ஒரு குறும்புக்காரன் அவர் கையில் ஓர் அம்பைக் கொடுத்து, "இந்தப் பக்கம் எறி" என்று திருப்பிவிட, சொந்த அண்ணன் மேலேயே அது பட்டு அண்ணன் செத்துப்போகிறான். அதற்காகக் கண் தெரியாதவரையும் கொன்றுவிடுகிறார்கள். "அவருக்கு என்ன தெரியும் டீச்சர்? அவர ஏன் கொல்லணும்?" என்று நான் கேட்டேன். "கதைதானம்மா" என்றார் டீச்சர். எனக்கு அது பதிலாகப் படவில்லை.

என் பக்கத்தில் உட்கார்பவள் காரியக்காரர் மகள். மிராசுதாரின் நிலம் முழுவதையும் மேற்பார்வை பார்த்தவர் அவள் அப்பா. எங்கள் அப்பாவை வேலைக்குக் கூப்பிடுபவரும் விரட்டுபவரும் அவர்தான். ஆனாலும் பெஞ்சில் நாங்கள் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்கார்ந்தோம். அவள் நன்றாகப் படம் வரைவாள், என்னை எதற்காகவும் காத்திருக்க வைக்கவோ அவசரப்படுத்தவோ மாட்டாள். அவளிடம்தான் சொன்னேன்.

"கண்ணுக்கு ஆள் இருக்கு. கைக்கு ஆள் இருக்கு. காலுக்கு மட்டும் ஆள் இல்லடி."

"அப்ப நீ ஒண்ணு எழுதேன்" என்றாள். அவளுக்கு எல்லாமே அவ்வளவு சுலபம்.

ஆண்டு விழாவுக்கு இந்த ஓநாய்க் கதையையே நாடகமாகப் போடலாம் என்று டீச்சர் சொன்னபோது, வசனம் எழுதும் வேலை எங்கள் இருவருக்கும் வந்தது. அரைக்குயர் நோட்டு ஒன்றில் நான் எழுத, அவள் ஓரத்தில் படம் போட்டாள். கண் தெரியாதவரை நாங்கள் விட்டுவிட்டோம். ரொம்பச் சோகம் என்று அவள் சொன்னாள், நானும் சரி என்றேன். காலுக்கு ஆள் இல்லை என்று அத்தனை வருத்தப்பட்டவள், அவரை அப்படி வெளியே தள்ளினேன். இப்போது நினைத்தால் அது மட்டும் உறுத்துகிறது.

எங்கள் நாடகத்தில் ஒரு நொண்டிப் பெண் வந்தாள். அவளுக்கு என்ன வேலை கொடுப்பது என்பதில்தான் சிக்கல்.

"அவளுக்கு ஒரு சக்தி வேணும்டி. பறக்கட்டும்" என்றாள் காரியக்காரர் மகள்.

"எனக்குப் பறக்கத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப அவளுக்கும் தெரியாது."

இரண்டு நாள் யோசித்தேன். விடை எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தது. என் சித்தப்பாவுக்கு, ரைஸ்மில் பெல்ட்டில் சிக்கி, வலது கை மணிக்கட்டோடு போயிருந்தது. அவர் காலையில் வேட்டி கட்டுவதைப் பார்க்க எனக்கு ரொம்பப் பிடிக்கும். வேட்டியின் ஒரு முனையை மொட்டைக் கையால் இடுப்போடு அழுத்திக்கொள்வார். மற்ற முனையை இடது கையால் சுற்றிக்கொண்டு வருவார். குனிந்து பல்லால் கவ்விக்கொள்வார். மூச்சை உள்ளே இழுப்பார், வயிறு ஒட்டிக்கொள்ளும். அந்த நேரத்தில் கட்டைவிரலால் செருகிவிட்டு மூச்சை விடுவார். வேட்டி இறுகிக்கொள்ளும். இரண்டு கையுள்ள என் அப்பாவின் வேட்டி ஒரு நாளைக்கு நாலு முறை அவிழும். சித்தப்பாவின் வேட்டி அவிழ்ந்து நான் பார்த்ததே இல்லை.

அதையே எழுதினேன். ஓநாய் கையைக் கடித்துவிடுகிறது. சாமிகள் எல்லோரும் பரிதாபப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். கை போனவரிடம் என்ன பேசுவதென்று யாருக்கும் தெரியவில்லை. நொண்டிப் பெண் மட்டும் கிட்டே போய், "கைதானே போச்சு, காது இருக்குல்ல? சொல்றத கேளுங்க" என்று ஒரு கையால் வேட்டி கட்டக் கற்றுத் தருகிறாள். அவர் எழுந்து நிற்கிறார். திரை விழுகிறது.

டீச்சர் படித்துவிட்டுச் சிரித்தார். என் தலையைத் தடவிக் கொடுத்தார். பிறகு சிவப்பு மையால் கடைசியில் ஒரு பக்கம் எழுதிச் சேர்த்தார். ஒரு தேவதை வருகிறாள், செம்புத் தண்ணீரைத் தெளிக்கிறாள், நொண்டிப் பெண்ணின் கால் குணமாகிவிடுகிறது, அவள் ஆடுகிறாள், எல்லோரும் கும்மியடிக்கிறார்கள். ஆட வேண்டியிருப்பதால் அந்த வேஷம் காரியக்காரர் மகளுக்கு.

"நீ திரைக்குப் பின்னாடி நின்னு வசனம் எடுத்துக் குடும்மா. அதுதான் முக்கியமான வேலை."

"நொண்டிப் பொண்ணா நானே நடிக்கிறேன் டீச்சர்."

"ஊரே பாக்கும். நீ நடக்கிறதப் பாத்து யாராச்சும் சிரிச்சாங்கன்னா? எனக்கு மனசு தாங்காதும்மா."

டீச்சர் கெட்டவர் இல்லை. என் மேல் உயிராக இருந்தவர். இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். நம்மைக் காயப்படுத்தியவர்களில் பாதிப் பேர் நம் மேல் உயிராக இருந்தவர்கள்தானே! நான் நோட்டை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன். அன்று அடிக்கு அடி முழங்காலை அழுத்தியதில் உள்ளங்கை சிவந்துபோனது.

அதற்குள் தை அறுப்பு வந்துவிட்டது. புது ஆட்சி வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. மேடையில் எல்லோரும் உழைப்பவனைப் பற்றிப் பேசினார்கள், களத்தில் அளக்கிற மரக்கால் மட்டும் மாறவில்லை. கூலி நெல்லை உயர்த்தினால்தான் அரிவாளைத் தொடுவோம் என்று எங்கள் தெரு சொன்னது. மிராசுதார் வெளியூரிலிருந்து லாரியில் ஆள் இறக்கினார். வயல் வரப்பில் கைகலப்பானது. இரண்டு பக்கத்திலும் மண்டை உடைந்தது. எங்கள் தெருவில் பதினான்கு பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள், சித்தப்பாவையும் சேர்த்து. பள்ளிக்கூடத்தில் போலீஸ் வந்து தங்கியது. எங்களுக்கு லீவு.

ஊர் இரண்டாகப் பிரிந்துவிட்டது. காரியக்காரர் மகள் எங்கள் பக்கம் வரக்கூடாது, நான் அவள் இருக்கும் மேலத்தெருப் பக்கம் போகக்கூடாது. வாய்க்காலுக்கு இந்தக் கரையில் நான் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தபோது ஒரு மத்தியானம் அவள் அந்தக் கரையில் வந்து நின்றாள். கையை முழங்காலில் வைத்துக்கொண்டு என்னைப் போலவே விந்தி விந்தி நடந்து வந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்னடி, கேலி பண்றியா?"

"இல்லடி! வேஷத்துக்குப் பழகுறேன்." அவள் முகம் வெந்து சிவந்திருந்தது. "நேத்திலேருந்து வீட்டுக்குள்ளயே இப்டித்தான் நடக்கிறேன். இடுப்பு விட்டுப் போச்சு. தோள்பட்டை எரியுது. நீ எப்டிடி தெனமும் பள்ளிக்கூடம் வர்ற?"

அந்தக் கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. 'ஐயோ பாவம்' கேட்டிருக்கிறேன். 'எப்படி' என்று கேட்டதில்லை. நான் எழுந்து நடந்து காட்டினேன். கையை மட்டும் அழுத்தினால் போதாது, இடுப்பைத் தூக்கிப் போட வேண்டும், பார்வை நாலடி முன்னால் இருக்க வேண்டும், ஈர வரப்பில் குதிகாலை முதலில் வைக்கக்கூடாது. அவள் அந்தக் கரையில் நின்று செய்து பார்த்தாள். இரண்டு முறை விழுந்தாள்.

"எனக்கு வராது" என்று பாவாடையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். "நான் ஓநாயா இருக்கேன். டீச்சர்ட்ட நானே சொல்லிடறேன். நீயே நடி."

அன்று அவள் வீட்டில் அடி வாங்கினாள் என்று பிறகு தெரிந்தது, எங்கள் தெரு ஆளோடு பேசியதற்காக. என்னிடம் அவள் அதைச் சொல்லவே இல்லை.

பேச்சுவார்த்தை முடிந்து, கூலி கொஞ்சம் உயர்ந்து, போலீஸ் கிளம்பிய பிறகு பள்ளிக்கூடம் திறந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் மரப்பெட்டி இல்லை. வெந்நீர் போட யாரோ உடைத்து எரித்திருந்தார்கள். புத்தகங்களில் இரண்டோ மூன்றோ ஜன்னலோரம் கிடந்தன. படப் புத்தகம் எங்கேயும் இல்லை. ஒற்றைக் கண்காரரும் அவருடைய காக்கைகளும் அடுப்போடு போனார்களோ, எந்தப் போலீஸ்காரர் வீட்டுப் பிள்ளைக்குப் போனார்களோ! பிள்ளைக்குப் போயிருக்கும் என்றே நான் நம்பிக்கொள்கிறேன்.

ஆண்டு விழாவைப் பங்குனியில் நடத்துவதென்று முடிவானது. இப்போது அந்தக் கதை இருந்தது என் நோட்டில் மட்டும்தான். டீச்சர் எங்கள் தெருவுக்கே வந்தார். பள்ளிக்கூடத்து ஆள் ஒருவர் எங்கள் வீட்டு வாசலில் நின்றது அதுதான் முதல் தடவை. அம்மா என்ன செய்வதென்று தெரியாமல் ஒரே பாயை மூன்று முறை தட்டிப் போட்டாள்.

"நோட்டக் குடும்மா" என்றார் டீச்சர்.

"நான் நடிச்சா தர்றேன்."

"ஏ புள்ள!" என்று அம்மா அதட்டினாள்.

டீச்சர் பாயில் உட்கார்ந்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "ஓநாயா நடிப்பேன்னு அவளும் ஒத்தக்கால்ல நிக்கிறா. சரி, நீயே நடி. ஆனா முடிவு நான் எழுதினதுதான். ஜனங்க இத்தன நாள் சண்டை போட்டு, அழுது, ஓஞ்சு போயிருக்காங்க. நல்லதா ஒண்ணப் பாத்துட்டுப் போகட்டும். நீ ஆட வேணாம். தேவதை தண்ணி தெளிச்சதும் கைய எடுத்துட்டு நேரா நில்லு, போதும்."

நான் தலையாட்டினேன். தலையாட்டினால் எல்லாவற்றுக்கும் சம்மதம் என்று பெரியவர்கள் நினைத்துக்கொள்வார்கள். நோட்டைக் கொடுத்தேன்.

விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் சித்தப்பா விடுதலையாகி வந்துவிட்டார். அவர் வந்த கதையைத் தெருவே கூடிக் கேட்டது. வெளியூர் ஆள் ஒருவரை அவர் இரண்டு கையாலும் தடியை ஓங்கி அடித்தார் என்று வழக்கில் எழுதியிருந்ததாம். கோர்ட்டில் அதைப் படித்தார்கள்.

"நான் ஒண்ணும் பேசல" என்றார் சித்தப்பா. "தோள்ல கெடந்த துண்ட மட்டும் எடுத்தேன். மொட்டக் கையத் தூக்கி ஜட்ஜ் எசமானுக்கு ஒரு கும்புடு போட்டேன். அவரு கண்ணாடியக் கழட்டித் தொடச்சுட்டு மறுபடி பாத்தாரு. 'இன்னொரு கை எங்கய்யா?'ன்னாரு. 'ரைஸ்மில்லுல கேக்கணும் சாமி'ன்னேன்."

தெருவே சிரித்து உருண்டது. சித்தப்பா சிரிக்கவில்லை. உள்ளே இருந்த நாட்களில் தன்னால் தனியாக வேட்டி கட்ட முடியாது என்று நினைத்து ஒரு காவலர் தினமும் வந்து கட்டிவிட்டதாகச் சொன்னார். "வேணாம்னேன், கேக்கல. அதுதான்டா கேவலமா இருந்துச்சு" என்றார், அவ்வளவுதான்.

விழா அன்று சாயங்காலம் மைதானத்தில் கீற்றுப் பந்தல். முன்வரிசை நாற்காலிகளில் மிராசுதார், காரியக்காரர், தலைமை விருந்தினராகச் சட்டமன்ற உறுப்பினர். பின்னால் மேலத்தெருக்காரர்கள் பெஞ்சில். எங்கள் தெரு அதற்கும் பின்னால் நின்றுகொண்டு. சண்டைக்குப் பிறகு எல்லோரும் ஒரே இடத்தில் கூடியது அன்றைக்குத்தான். யாரும் யாரோடும் பேசவில்லை. பந்தலில் குழந்தை அழுதால்கூடத் தனியாகக் கேட்டது.

மேடைக்கு நான் நடந்து வந்தேன். முதல் நாலடிக்கு ஒரு சிரிப்புச் சத்தம் எங்கோ எழுந்தது. டீச்சர் ஓரத்தில் கண்ணை மூடிக்கொண்டது எனக்குத் தெரிந்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. தினமும் கேட்கிற சத்தம்தானே! நான் என் இடத்துக்குப் போய் நின்றேன்.

காரியக்காரர் மகள் கறுப்புக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உறுமியபோது சின்னப் பிள்ளைகள் அலறினார்கள். டீக்கடைக்காரர் மகன்தான் கை கொடுக்கும் சாமி. ஓநாய் அவன் கையைக் கம்பளிக்குள் இழுத்தது. உள்ளே வைத்து அவள் அந்தக் கையை அவன் முதுகோடு சேர்த்துத் துண்டால் இறுக்கிக் கட்டிவிட்டாள். ஒத்திகையில் அவன் சட்டைக்குள்ளிருந்து திருட்டுத்தனமாக விரலை நீட்டி ஏமாற்றிக்கொண்டிருந்தான். இனி ஏமாற்ற முடியாது.

"கைதானே போச்சு, காது இருக்குல்ல? சொல்றத கேளுங்க" என்றேன். அவன் அரைக்கால் சட்டைக்கு மேலே அவன் அப்பாவின் வேட்டியைச் சுற்ற ஆரம்பித்தான். நழுவியது. மறுபடி சுற்றினான். மறுபடி நழுவியது. அவனுக்கு நிஜமாகவே வியர்த்துவிட்டது. கூட்டம் அசையாமல் பார்த்தது. இந்தக் குழப்பத்தில் தேவதை வேஷக்காரி தன் நேரம் வந்துவிட்டதென்று நினைத்து, செம்போடு உள்ளே வந்து என் தலையில் தண்ணீரைத் தெளித்தாள்.

"பெண்ணே! உன் நல்ல மனதுக்காக உன் கால் குணமாகட்டும்!"

ஓரத்திலிருந்து டீச்சர் கையை உயர்த்திச் சைகை காட்டினார். எடு, கையை எடு, நேரா நில். என் கை முழங்காலிலேயே இருந்தது.

"என் கால் இருக்கட்டும்" என்றேன் தேவதையிடம். "மொதல்ல அந்தச் செம்ப கீழ வை. இவரு வேட்டி அவுருது, பாரு."

பந்தல் முழுவதும் ஒரே சிரிப்பு. முதலில் கேட்ட சிரிப்பு அல்ல அது. எது எந்தச் சிரிப்பு என்று நமக்குத்தானே தெரியும்! அந்தச் சிரிப்புக்கு நடுவில் பின்னாலிருந்து சித்தப்பாவின் குரல் வந்தது.

"பல்லால புடிடா! பல்லால! மூச்ச உள்ள இழு!"

பையன் குனிந்து கவ்வினான்.

"இழுத்தியா? இப்ப கட்டவெரலால சொருவு. ம்... மூச்ச விடு!"

பையன் மூச்சை விட்டான். வேட்டி நின்றது. கையை மேலே தூக்கிக் காட்டினான். எங்கள் தெரு விசிலடித்தது. மேலத்தெரு பெஞ்சுக்காரர்கள் திரும்பி, குரல் கொடுத்தவர் யாரென்று பார்த்தார்கள். துண்டு போர்த்தாத மொட்டைக் கையோடு சித்தப்பா நின்றுகொண்டிருந்தார். இரண்டு கையாலும் அடித்ததாகச் சொல்லப்பட்ட மனிதர். காரியக்காரர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு முன்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் பிடரி சிவந்திருந்தது என்று அவர் மகள் பிறகு என்னிடம் சொன்னாள். கம்பளி ஓட்டை வழியாக அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

சட்டமன்ற உறுப்பினர் அடுக்கு மொழியில் அரை மணி நேரம் பேசினார். ஊனம் உடலில்தான், உள்ளத்தில் இல்லை என்றார். அந்த வரியை அதற்குப் பிறகு எத்தனை மேடையில் கேட்டுவிட்டோம்!

கூட்டம் கலைந்த பிறகு டீச்சர் என்னைத் திரைக்குப் பின்னால் கூப்பிட்டார்.

"நான் காட்டின சைகையப் பாக்கலையா நீ?"

"பாத்தேன் டீச்சர்."

"அப்புறம் ஏன் கைய எடுக்கல?"

"எடுத்தா விழுந்துடுவேன் டீச்சர்."

டீச்சர் என் காலைப் பார்த்தார். ஆறு மாசமாகப் பார்த்த கால்தான். பாவாடையில் அம்மா ஒட்டுப் போட்ட இடத்தை, அதன் மேல் இருந்த என் கையை, பிறகு என் முகத்தை.

"இத ஏன் என்கிட்ட மொதல்லயே சொல்லல?"

"நீங்க கேக்கல."

டீச்சர் மேடையில் கிடந்த செம்பை எடுத்துத் தண்ணீரைக் கீழே ஊற்றினார். இரண்டு வருஷம் கழித்து மாற்றலாகிப் போகும்வரை அவர் என்னிடம் கேட்காமல் என் விஷயத்தில் எதையும் முடிவு செய்ததில்லை.

அம்மாவைப் பற்றிச் சொல்லி முடித்துவிடுகிறேன். நாடகத்தன்று பந்தலின் கடைசியில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள் அம்மா. அழுதாளா சிரித்தாளா என்று கேட்டால் சொல்ல மாட்டாள். வருஷா வருஷம் சித்திரையில் மாயவரத்துக்கு அந்தப் பக்கம் நோய் தீர்க்கும் சாமி கோயில் ஒன்றுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போவாள். வாசல் கடையில் வெள்ளித் தகட்டில் வெட்டிய கை, கால், கண் எல்லாம் தொங்கும். ஒரு கால் வாங்கி உண்டியலில் போடுவாள். எனக்குக் காய்ச்சல் வந்த வருஷத்திலிருந்து போட்டுக்கொண்டிருந்தாள்.

அந்தச் சித்திரையிலும் போனோம். கடைக்காரருக்கு அம்மாவை நினைவிருந்தது. கேட்காமலேயே ஒரு காலை எடுத்து நீட்டினார். அம்மா முந்தானை முடிச்சை அவிழ்க்கப் போனவள், நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"வாங்கட்டுமா?"

ஆறேழு வருஷத்தில் முதல் தடவையாக என்னைக் கேட்டாள். நான் யோசிக்கவே இல்லை.

"வேணாம்மா. பசிக்குது."

கடைக்காரர் கையை நீட்டியபடியே நின்றார். அம்மா முடிச்சை மறுபடி இறுக்கினாள். எதிரில் ஓர் ஓட்டல் இருந்தது. எங்கள் ஊர்ப் பக்கத்து ஓட்டல்களில் நாங்கள் வெளியில் நின்றுதான் வாங்கிக்கொள்வோம். இது வெளியூர், எங்களை யாருக்கும் தெரியாது. அம்மா வாசலில் ஒரு நொடி தயங்கினாள். நான் முழங்காலை அழுத்திக்கொண்டு படியேறிவிட்டேன். உள்ளே போய்ப் பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டு, "வாம்மா" என்று கூப்பிட்டேன். வந்து உட்கார்ந்தாள்.

"என்னங்க வேணும்?" என்று கேட்டார் சர்வர்.

அம்மா என்னைப் பார்த்தாள்.

"ரெண்டு முறுகல் தோசை" என்றேன்.